ஐடிலிங்கில் சங்கிலி நகர்கிறது: மாற்றிய நீடில் பேரிங் மூன்றே வாரத்தில் போய்விட்டது

தோப்புக்காரன், பேராவூரணி (ஞாயிறு, காலை 7.10)

வணக்கம். என்னிடம் இருப்பது 52 சிசி செயின் சா, சீனத் தயாரிப்பு. 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் தென்னைகளைப் படுக்க வைத்துவிட்டுப் போன வாரத்தில் அவசரத்துக்கு வாங்கியது. ஆறு மாதம் தாங்கினால் அதிகம் என்றார்கள். இன்றும் ஓடுகிறது.

இரண்டு மாதமாக ஒரு தொல்லை. ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் சங்கிலி நிற்பதில்லை, எறும்பு ஊர்வதுபோல் ஊர்ந்துகொண்டே இருக்கிறது. கூடவே தகரத்தில் ஆணியால் கீறும் சத்தம். ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் அந்தச் சத்தம் மறைகிறது, விட்டால் திரும்ப வருகிறது. பட்டறையில் கொடுத்தேன். சங்கிலியைச் சுழற்றும் கிளட்ச் டிரம்முக்குள் இருக்கும் நீடில் பேரிங், அதாவது ஊசி ஊசியாக உருளைகள் கொண்ட தாங்கி, பொடிந்துவிட்டது என்று மாற்றிக் கொடுத்தார்கள். மூன்று வாரம் நன்றாக ஓடியது. நேற்று மறுபடியும் அதே கீறல், அதே ஊர்தல்.

போலிச் சரக்கைப் போட்டு என்னை ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். இந்த முறை நானே மாற்றலாம் என்று இருக்கிறேன். மோட்டார் பம்பு செட்டை நானே பிரித்துப் பூட்டுவேன், ஆனால் கிளட்சில் கை வைத்ததில்லை. வழி சொல்லுங்கள்.

பழைய பட்டறை (ஞாயிறு, காலை 8.25)

ஏமாற்றினார்களா என்பதை அப்புறம் பார்க்கலாம். மூன்று வாரத்தில் ஒரு பேரிங் போகிறது என்றால், அதைக் கொல்லும் ஏதோ ஒன்று அந்த இயந்திரத்திலேயே இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் இன்னொன்று போட்டால் அதற்கும் மூன்று வாரம்தான்.

சங்கிலி தானாக ஊர்வதற்கு மூன்று காரணங்கள் உண்டு. ஐடிலிங் வேகம், அதாவது ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகு இயந்திரம் ஓடும் வேகம், கூடியிருக்கும், அல்லது கிளட்ச் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் அல்லது அறுந்திருக்கும், அல்லது பேரிங் இறுகியிருக்கும். பிளக்கைக் கழற்றிவிடுங்கள். சங்கிலி பிரேக்கை விடுவித்து, சங்கிலியைக் கொஞ்சம் தளர்த்தி, ஸ்டார்ட்டர் கயிற்றை மெதுவாக இழுங்கள். அந்த வேகத்தில் கிளட்ச் ஷூ (வேகம் ஏறினால் விரிந்து டிரம்மைக் கவ்வும் கட்டை) விரியாது. அப்போதும் சங்கிலி கூடவே இழுபட்டால் ஐடிலிங்கைக் குறை சொல்ல முடியாது.

அடுத்தது மூடியையும் சங்கிலியையும் கழற்றிவிட்டு டிரம்மை இரண்டு விரலால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். உள்ளும் வெளியும் சிறிது நகர்ந்தால் பரவாயில்லை. ஆடும் பல்போல் மேலும் கீழும் அசைந்தால் பேரிங் போய்விட்டது. செய்துவிட்டு வந்து எழுதுங்கள்.

மரவாடி (ஞாயிறு, காலை 9.02)

இதற்கு இவ்வளவு ஆராய்ச்சி தேவையா? ஐடிலிங் திருகாணியைக் கால் சுற்று குறைத்தால் முடிந்தது. பேரிங்குக்கு கிரீஸை நன்றாக அடைத்துவிடுங்கள். நான் பத்து வருடமாக அப்படித்தான் ஓட்டுகிறேன்.

சில்வர் ஓக், வால்பாறை (ஞாயிறு, காலை 9.40)

கிரீஸை அடைக்காதீர்கள். ஊசிகளுக்கு மெல்லிய பூச்சு போதும். அதிகமானால் சூட்டில் இளகி, சுழலும் வேகத்தில் சிதறி, ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு கிளட்ச் வழுக்கும், வழுக்கினால் சூடேறும், அந்தச் சூடு பேரிங்குக்குத்தான் போகும். எங்கள் எஸ்டேட்டில் புதிதாக வந்த ஒரு பையன் அப்படி அடைத்து, அரைநாள் கழித்து டிரம் நீலம் பாய்ந்து வந்தது.

தோப்புக்காரன், பேராவூரணி (ஞாயிறு, மதியம் 1.15)

செய்து பார்த்தேன். பிளக் இல்லாமல் கயிற்றை இழுத்தால் சங்கிலி கூடவே வருகிறது, பாதியில் நின்று, திரும்ப வருகிறது. டிரம்மை ஆட்டினால் ஆடும் பல்லேதான். மூடியைக் கழற்றியபோது தேங்காய் நார் கருகிய வாசனை. உள்ளே மரத்தூளும் எண்ணெயும் சேர்ந்து வறட்டிபோல் இறுகிக் கிடந்தன. அதைச் சுரண்டியபோது பழுப்பு நிறத்தில் நகத்துணுக்கு அளவுக்கு இரண்டு பிளாஸ்டிக் சில்லுகள் விழுந்தன. டிரம்மின் வெளிப்பக்கம் மயில் கழுத்து நிறத்தில் இருக்கிறது.

கிளட்ச் டிரம்முக்கு வெளியே இருக்கிறது, அதைக் கழற்றாமல் டிரம் வராது. கழற்றப் பார்த்தேன், அசையவே இல்லை. ஸ்டார்ட்டர் பக்கம்தான் சுற்றுகிறது.

பழைய பட்டறை (ஞாயிறு, மதியம் 2.30)

அந்தச் சில்லுகள் பேரிங் கூட்டின் துண்டுகள். ஊசிகளை வரிசையாகப் பிடித்து வைத்திருக்கும் கூடு உருகி உடைந்தால் ஊசிகள் சாய்ந்துகொள்ளும். சாய்ந்த ஊசி உருளாது, கீறும். உங்கள் தகரச் சத்தம் அதுதான்.

கிளட்ச் அசையவில்லை என்கிறீர்களே, எந்தப் பக்கம் திருப்பினீர்கள்?

தோப்புக்காரன், பேராவூரணி (ஞாயிறு, மதியம் 2.41)

வழக்கம்போல் இடப்பக்கம்.

பழைய பட்டறை (ஞாயிறு, மாலை 4.05)

நினைத்தேன். அது இடது மரை. கடிகாரம் சுற்றும் பக்கம் திருப்பினால்தான் கழலும். பல கிளட்சுகளில் அம்புக்குறி பொறித்திருப்பார்கள், அழுக்கைத் துடைத்தால் தெரியும். கிளட்ச் பக்கமிருந்து பார்த்தால் கிராங்க் (இயந்திரத்தின் சுழல் தண்டு) கடிகாரச் சுற்றில் ஓடுகிறது. வெட்டும்போது மரம் சங்கிலியை எதிர்த்துப் பிடிக்கும்போதெல்லாம் இடது மரை இன்னும் இறுகும். பூட்டி இத்தனை நாள் ஓடியதால் அது கல்லாக இறுகித்தான் இருக்கும், அதற்காக உளியும் சுத்தியலும் எடுக்காதீர்கள். ஷூவின் காது உடைந்தால் கிளட்சையே மாற்ற வேண்டும்.

கிராங்க் சுற்றாமல் பிடித்துக்கொள்ளக் கயிறு போதும். பிளக் துளையை விரலால் மூடிக்கொண்டு ஸ்டார்ட்டரை மெதுவாக இழுங்கள். காற்று விரலைத் தள்ளத் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். அந்த இடத்தில் பிஸ்டன் புகைவழித் துளையைத் தாண்டி மேலே வந்திருக்கும். அதற்கு முன்பே கயிற்றைத் திணித்தால், அது புகைவழிக்குள் நழுவி, பிஸ்டனின் விளிம்பு அதை நறுக்கும், துளையின் ஓரமும் பிஸ்டனும் சேர்ந்து கெட்டுப்போகும். சரியான இடம் வந்ததும் 4 அல்லது 5 மில்லி கனமுள்ள மெத்தென்ற கயிற்றை உள்ளே விடுங்கள். முனையைத் தீயில் காட்டி உருக்கிக்கொள்ளுங்கள், நூல் பிரிந்து உள்ளே தங்கக் கூடாது. வெளி முனையில் ஒரு முடிச்சு. பிறகு கடிகாரச் சுற்றில் கிளட்சைத் திருப்புங்கள். பிஸ்டன் ஏறிக் கயிற்றை மெத்தைபோல் அமுக்கி நிற்கும், மரை விட்டுக்கொடுக்கும்.

பிளக் துளையில் திருப்புளியை விட்டுத் தடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பிஸ்டன் தலையில் ஓட்டை விழுந்த பிறகு அவர்கள் என்னிடம்தான் வருவார்கள்.

சில்வர் ஓக், வால்பாறை (ஞாயிறு, மாலை 5.20)

எல்லா மாடலுக்கும் இந்தக் கயிற்று வேலை தேவையில்லை என்பதையும் சொல்லிவிடலாம், வேறு யாராவது படித்துவிட்டுத் தேவையில்லாமல் கிளட்சைக் கழற்றப் போகிறார்கள். ஸ்டில் எம்எஸ் 180, எம்எஸ் 250 போன்றவற்றில் டிரம்தான் வெளியே இருக்கும், ஷூக்கள் அதற்குள். கிராங்க் முனையில் ஒரு சிறிய ஈ வடிவ கிளிப், அதன் பின்னால் வாஷர். இரண்டையும் எடுத்தால் டிரம் கையோடு வரும், பின்னாலேயே பேரிங்கும் வரும். ஐந்து நிமிட வேலை. கிளிப்பை நெம்பும்போது மேலே ஒரு துணியைப் போட்டுப் பிடியுங்கள். தேயிலைச் செடிக்குள் பறந்த கிளிப்பை இதுவரை யாரும் கண்டெடுத்ததில்லை.

பிரேக்கைப் பற்றியும் ஒன்று. டிரம்மைச் சுற்றிய பிரேக் பட்டை உடலிலேயே இருக்கும் மாடல்களில், பிரேக்கை விடுவித்தால்தான் டிரம் வெளியே வரும். ஹஸ்க்வர்னாவில் பல மாடல்களில் பட்டை பக்க மூடியோடு வந்துவிடும். மூடி கையில் இருக்கும்போது தெரியாமல் பிரேக் விழுந்துவிட்டால் பட்டை சுருங்கிக்கொள்ளும், மூடி திரும்ப டிரம்மின் மேல் ஏறாது. நானே ஒருமுறை அரை மணி நேரம் அதோடு மல்லுக்கட்டியிருக்கிறேன், மேஸ்திரி ஓரமாக உட்கார்ந்து டீ குடித்தபடி வேடிக்கை பார்த்தார்.

கைத்தொழில் ஆசிரியர், வவுனியா (ஞாயிறு, இரவு 8.15)

வாசித்துக்கொண்டு வந்தேன். எங்கள் பாடப்புத்தகத்தில் பேரிங்குக்குப் போதிகை என்று பெயர். தமிழ்நாட்டு நண்பர் ஒருவர், போதிகை கோயில் தூணின் தலையில் அல்லவா இருக்கிறது என்று சிரித்தார். இரண்டும் பாரம் தாங்குவதுதானே.

போலிச் சரக்கு என்ற சந்தேகத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். இந்தக் கூட்டு ஊசிப் போதிகைகள் செயின் சாவுக்கென்று தனியாகப் பிறந்தவை அல்ல. பொதுவான அளவுகளில் வருபவைதான். கே 10×13×10 என்று எழுதியிருந்தால் தண்டின் விட்டம் 10 மில்லிமீட்டர், ஊசிகளின் வெளிவிட்டம் 13, அகலம் 10 என்று பொருள். உங்களுடைய கிராங்க் தண்டையும் டிரம்மின் துளையையும் வெர்னியரால் அளந்துகொண்டு, நல்ல போதிகைக் கடையில் அளவைச் சொல்லிக் கேளுங்கள். பழைய போதிகையை அளக்காதீர்கள், அது தேய்ந்த பொருள்.

பெயரின் கடைசியில் டிஎன் என்று இருந்தால் கூடு பிளாஸ்டிக். சில நிறுவனங்கள் அதற்கு 120 பாகை செல்சியஸ்தான் எல்லை என்று எழுதியிருக்கின்றன. டிரம் நீலம் பாய்ந்திருக்கிறது என்றால் அது அந்தச் சூட்டை எப்போதோ தாண்டிவிட்டது. அதே அளவில் இரும்புக் கூடு கிடைத்தால் அதை எடுங்கள்.

மரவாடி (ஞாயிறு, இரவு 9.00)

கடைசியில் இரும்புக் கூடு போடாததுதான் காரணம் என்று ஆகிவிட்டது. தென்னை நார் மரம், சங்கிலியைப் பிடித்துக்கொள்ளும். நாள் முழுக்கத் தென்னை அறுத்தால் எந்தப் பேரிங் தாங்கும்? வேலைப் பளு, அவ்வளவுதான்.

பழைய பட்டறை (ஞாயிறு, இரவு 10.10)

மரவாடி தம்பி, இந்த இடத்தில்தான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

கிராங்க் தண்டுக்கும் டிரம்முக்கும் நடுவில் இருக்கிறது இந்தப் பேரிங். மரம் அறுக்கும்போது ஷூக்கள் விரிந்து டிரம்மைக் கவ்விக்கொள்கின்றன. தண்டும் டிரம்மும் ஒரே வேகத்தில் ஓடுகின்றன. இரண்டும் சேர்ந்தே சுற்றினால் நடுவில் இருக்கும் ஊசி எதன்மேல் உருளும்? உருளாது. அதனால்தான் ஆக்ஸிலேட்டரை அழுத்தியதும் இவருடைய கீறல் சத்தம் மறைகிறது. ஊசிகள் உருள்வது, தண்டு சுற்றி டிரம் நிற்கும்போதுதான். அதாவது ஐடிலிங்கில். நிமிடத்துக்கு 2,800 சுற்று என்று வைத்துக்கொண்டாலும் அந்த 2,800-ம் ஊசிகளின் தலையில்தான். நாம் ஓய்வு என்று நினைக்கும் நேரம் அதற்கு வேலை நேரம்.

அதைவிடக் கொடுமை, டிரம் நிற்கும்போது கிளட்ச் கவ்வப் பார்ப்பது. பிரேக்கைப் போட்டுவிட்டு ஆக்ஸிலேட்டரை முறுக்குவது, மழுங்கிய சங்கிலியை மரத்தில் அழுத்தி நிறுத்தி வைப்பது, ஐடிலிங் ஏறிப்போய் ஷூக்கள் டிரம்மை உரசிக்கொண்டே இருப்பது. இந்த மூன்றிலும் உராய்வுச் சூடு நேரே டிரம்மின் நடுப்பகுதிக்கு இறங்கும். அங்கேதான் கூடு இருக்கிறது. தென்னையின் பங்கு அடிமட்டையில் ஒட்டிய மணல் சங்கிலியை மழுக்குவதும், நார்த்தூள் மூடிக்குள் அடைந்து சூட்டை வெளியே விடாமல் வைப்பதும்தான்.

தோப்புக்காரன், பொய் சொல்லாமல் சொல்லுங்கள். உங்கள் ஐடிலிங் திருகாணியை யார், எப்போது திருப்பினார்கள்?

கைத்தொழில் ஆசிரியர், வவுனியா (ஞாயிறு, இரவு 10.35)

ஐயா சொல்வது சரி, ஒன்று மட்டும் சேர்க்கிறேன். உருளாமல் நிற்கும் நேரத்திலும் ஊசிகளுக்குச் சேதம் உண்டு. ஒரே இடத்தில் நின்றபடி அதிர்வு வாங்கினால், தண்டில் ஊசி ஊசியாகக் கோடு பதியும். பேரிங்கை எடுத்த பிறகு தண்டில் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டித் தட்டிச் சென்றால் அந்தக் கோடுகள்தான்.

பழைய பட்டறை (ஞாயிறு, இரவு 10.50)

ஆமாம், அதுவும் உண்டு. ஆனால் அது வருடக்கணக்கில் வருவது. அந்தக் கோடுகளால் மூன்று வாரத்தில் கூடு உருகாது.

தோப்புக்காரன், பேராவூரணி (திங்கள், காலை 6.20)

இரவெல்லாம் யோசித்தேன் ஐயா. திருப்பியது நான்தான்.

மழை முடிந்த பிறகு இயந்திரம் ஆக்ஸிலேட்டரை விட்டதும் அணைந்துவிடும். மட்டை மட்டையாக வெட்டும்போது ஒவ்வொரு முறையும் கயிறு இழுக்க முடியவில்லை. திருகாணியைக் கொஞ்சம் கூட்டினேன், அணையவில்லை. பிறகு இன்னும் கொஞ்சம். பட்டறையில் பேரிங் மாற்றி, ஐடிலிங்கையும் இறக்கித்தான் கொடுத்திருக்கிறார்கள் போலிருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் அணைந்தது. திரும்பக் கூட்டினேன். காலையில் இயந்திரம் சூடாகட்டும் என்று பிரேக்கைப் போட்டு இரண்டு நிமிடம் முறுக்கி வைக்கும் பழக்கமும் எனக்கு உண்டு.

பழைய பட்டறை (திங்கள், காலை 7.45)

ஒப்புக்கொண்டீர்களே, பாதி வேலை முடிந்தது. பிரேக்கைப் போட்டு ஸ்டார்ட் செய்வது சரியான பழக்கம்தான், கையேட்டிலும் அப்படித்தான் இருக்கும். ஸ்டார்ட் ஆனதும் ஆக்ஸிலேட்டரை ஒருமுறை தட்டி உடனே ஐடிலிங்குக்கு இறக்கிவிட வேண்டும். முறுக்கி வைத்துச் சூடாக்குவது கிளட்சைத்தான் சூடாக்கும்.

இப்போது அது ஏன் அணைகிறது என்று பாருங்கள். முதலில் காற்று வடிகட்டி. அடுத்து கார்புரேட்டர். அடுத்து, டிரம்முக்கும் எண்ணெய் பம்பின் திருகுப் பல்லுக்கும் பின்னால் இருக்கும் கிராங்க் ஆயில் சீல். சீல் கசிந்தால் அந்த வழியாக வெளிக்காற்று புகுந்து ஐடிலிங் தானாக ஏறி இறங்கும், ஆக்ஸிலேட்டரை விட்டாலும் வேகம் உடனே விழாது. எப்படியும் அங்கே வரை பிரிக்கப் போகிறீர்கள், உதட்டில் கீறல் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். திருப்புளியால் நெம்பி அந்த உதட்டைக் கிழித்துவிடாதீர்கள்.

தோப்புக்காரன், பேராவூரணி (புதன், இரவு 8.30)

முடித்துவிட்டேன். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

வீட்டுக் கொடிக்கயிற்றில் ஒரு முழம் வெட்டிக்கொண்டேன். விரலைக் காற்று தள்ளும் இடம் முதல் இரண்டு முறை பிடிபடவில்லை, மூன்றாவது முறை நன்றாகவே தெரிந்தது. கயிற்றை விட்டு, சாக்கெட்டைப் போட்டு, வலப்பக்கம் திருப்பினேன். டொக் என்று ஒரே சத்தம். ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்துபோனேன். கிளட்ச் கழன்றிருந்தது.

டிரம்மை இழுத்ததும் ஊசிகள் மடியில் கொட்டின. கூடு என்று ஒன்று மீதமில்லை. மூன்று ஊசிகள் நடுவில் தட்டையாகத் தேய்ந்து பென்சில் சீவலைப்போல் இருந்தன. தண்டில் நகத்தை ஓட்டினேன். ஒரே ஒரு இடத்தில் லேசாகத் தட்டியது. 600 நம்பர் எமரித் தாளில் எண்ணெய் தொட்டு, தண்டைச் சுற்றி நாடாபோல் இழுத்து மெருகிட்டேன். அதற்கு முன் சீல் பக்கம் துணியைச் சுற்றி அடைத்துவிட்டேன், தூள் உள்ளே போகக் கூடாதே. சீலில் கீறல் இல்லை. ஸ்பிரிங் மூன்றும் நன்றாகவே இருந்தன.

பட்டுக்கோட்டையில் வெர்னியர் அளவைச் சொன்னதும் கடைக்காரர் இரண்டை எடுத்துப் போட்டார். இரும்புக் கூட்டை எடுத்துக்கொண்டேன். டிரம்மின் உட்பக்கம் கண்ணாடிபோல் பளபளத்தது. அதோடு இணைந்த பல்சக்கரத்தில் சங்கிலி உட்காரும் இடத்தில் அரை மில்லிக்கு மேல் பள்ளம் விழுந்திருந்தது, அதனால் டிரம்மையும் புதிதாகவே வாங்கிவிட்டேன்.

காற்று வடிகட்டிதான் குற்றவாளி. வெளியே தட்டினால் சுத்தமாகத் தெரிந்தது. விளக்கொளிக்கு எதிரே பிடித்தால் ஒளியே வரவில்லை. நார்த்தூள் எண்ணெயோடு சேர்ந்து அப்பியிருந்தது. சோப்பு நீரில் கழுவிக் காயவைத்துப் போட்டதும், திருகாணியை இறக்கிய பிறகும் அணையாமல் ஓடுகிறது. ஆக்ஸிலேட்டரை விட்டால் சங்கிலி சட்டென்று நிற்கிறது. பட்டறைக்காரரை இங்கே திட்டியது தவறு. இன்று போய் நேரிலேயே சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு டீக்கு அவர்தான் காசு கொடுத்தார்.

ஒரு சந்தேகம். திரும்பப் பூட்டும்போதும் கயிறு வைத்து இறுக்கினேன், முதலில் பிஸ்டன் கீழே இறங்கிப்போனது. சரிதானா?

பழைய பட்டறை (புதன், இரவு 9.15)

இறுக்கும்போது கிராங்க் எதிர்ப்பக்கம் சுற்றும், அதனால் முன்பு வைத்த இடத்திலேயே கயிறு வைத்தால் பிஸ்டன் கீழே இறங்கிப் புகைவழியைத் திறந்துவிடும். பிஸ்டனை உச்சியைத் தாண்டி மறுபக்கம் சிறிது இறக்கி, துளை திறப்பதற்கு முன்பே கயிற்றை விட வேண்டும். நல்லவேளை, உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கயிறு முழுசாகத்தானே வெளியே வந்தது?

எண்ணெய் வருகிறதா என்றும் பாருங்கள். டிரம்மின் பின்பக்கப் பள்ளம் பம்பின் திருகுப் பல்லோடு சரியாகக் கோக்காமல் பூட்டிவிட்டால் சங்கிலிக்கு எண்ணெய் போகாது. பார் (சங்கிலி ஓடும் தகடு) முனையை ஒரு அட்டைக்கு மேல் பிடித்து முறுக்குங்கள். எண்ணெய்க் கோடு விழ வேண்டும்.

தோப்புக்காரன், பேராவூரணி (வியாழன், காலை 6.50)

அட்டையில் கோடு நன்றாக விழுகிறது. கயிறும் முழுசாகவே வந்தது, ஒரு முழத்துக்கு ஒரு முழம். பெட்ரோல் வாடை போகுமா என்று துவைத்துப் பார்த்தேன், போகவில்லை. கொடி ஏன் ஒரு முழம் குட்டையாகிவிட்டது என்று வீட்டில் விசாரணை நடக்கிறது. மாலையில் புதுக்கயிறு வாங்கி வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.